உரம் கேட்காத விருந்தாளிகள்

சுங்கை சிப்புட் பக்கம் நாங்கள் குடியிருந்த தோட்டத்தில், பால்மரக் கன்று நடும் ஒவ்வொரு குழியிலும் பழுப்பு நிறத் தூளைப் போட்டு மண்ணோடு கலந்துவிடுவார்கள். அப்பா அந்த வேலைக்குப் போய்வந்த நாளில் சட்டை, தலைமுடி, காது மடிப்பு எல்லாம் அந்தத் தூளாக இருக்கும். பாறைப் பாஸ்பேட் அது. கிறிஸ்மஸ் தீவிலிருந்து வந்தது. ஜாவாவுக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் கிடக்கும் அந்தத் தீவு முன்பு சிங்கப்பூர் நிர்வாகத்தில் இருந்தது. 1958 அக்டோபர் 1 முதல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களும் பின்னால் வந்த செம்பனைத் தோட்டங்களும் அந்தத் தூளைத் தின்று வளர்ந்தவை. நிரைகளுக்கு நடுவே மண் அரிக்காமலிருக்க விட்ட மூடுகொடிகளுக்கும் அதைத்தான் தூவினார்கள்.

ஆஸ்திரேலியப் பூச்செடிகளைப் பற்றிய அத்தியாயத்தை உரச் சாக்கிலிருந்து தொடங்குவதற்கு, என் கையால் இறந்துபோன ஒரு செடி காரணம். பழைய பால்மரக் காட்டை அழித்து எழுப்பிய தாமானில் வீடு வாங்கியபோது வேலியோரம் ஒரு கிரெவில்லியா நட்டேன். சீப்பு வைத்து வாரிவிட்டதுபோல் ஒரு பக்கமாக வளைந்த இழைகளுடன் பூக்கும் செடி. ஒரு படத்தில் பார்த்து, பல மாதம் தேடி வாங்கியது. வாசல் செம்பருத்திக்கு என்ன செய்வேனோ அதையே அதற்கும் செய்தேன்: குழியில் கோழி எரு, மேலே எலும்புத்தூள், மாதம் ஒரு பிடி நீல உரம். ஆறாவது வாரம் இலை நுனி கருகியது. பசிக்கிறது என்று நினைத்து இன்னொரு பிடி போட்டேன். இளந்தளிர் வெளிறியது, பழைய இலை கொட்டியது, மூன்றாம் மாதம் சுள்ளிதான் மிச்சம். நான் ஊட்டிய சோறே அதற்கு விஷம் என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு இன்னும் இரண்டு செடி தேவைப்பட்டது. நீங்கள் ஒன்றைக்கூட இழக்க வேண்டாம் என்றுதான் இதை விரிவாக எழுதுகிறேன்.

ஆஸ்திரேலிய நிலம் மிகப் பழையது. எரிமலை புது மண்ணைக் கொட்டாமல், பனிப்பாறை புதுக் கல்லை அரைக்காமல், யுகக்கணக்கில் மழையில் கரைந்து கரைந்து சத்திழந்த மண் அங்கே ஏராளம். பாஸ்பரஸ் மிகக் குறைவு. அந்த வறுமையில் வாழப் பழகிய குடும்பம்தான் கிரெவில்லியா, பாங்க்சியா, மக்கடேமியா எல்லாம் சேர்ந்த புரோட்டியேசி. இவற்றின் வேரில் நெருக்கமான மயிர்க்கொத்துகள் உண்டாகும். அவை அமிலம் கசியவிட்டு, மண் துகளைப் பிடித்துக்கொண்டிருக்கும் கொஞ்சநஞ்சப் பாஸ்பரஸையும் கரைத்து உறிஞ்சிவிடும். இப்படிச் சுரண்டிச் சேர்க்கக் கற்ற வேருக்குப் போதும் என்று நிறுத்தத் தெரியாது. பாஸ்பரஸ் நிறைந்த மண்ணில் வைத்தால் அளவில்லாமல் இழுத்து, இலையில் சேர்த்து, கருகிவிடும். நீல உரச் சாக்கில் 12-12-17 என்று எண்கள் இருக்கும். பச்சை உரத்தில் 15-15-15. நடுவில் இருக்கும் எண்தான் பாஸ்பரஸைக் குறிப்பது. கிரெவில்லியாவுக்கு அந்த நடு எண் 3-ஐத் தாண்டக் கூடாது. கோழி எருவும் எலும்புத்தூளும் பாஸ்பரஸ் மிகுந்தவை என்பதால் கிட்டவே கொண்டுபோகாதீர்கள். பாட்டில் பிரஷ் முதலான மற்றக் குடும்பத்துச் செடிகள் இவ்வளவு நொய்ந்தவை இல்லை. ஆனாலும் கைநிறைய அள்ளிப் போடும் பழக்கத்தை அவற்றிடமும் விட்டுவிடுவது நல்லது.

பெர்த்தா, டல்லியா?

ஆஸ்திரேலியா என்ற ஒரே பெயருக்குள் பாலைவனம் இருக்கிறது, பனி விழும் மலை இருக்கிறது, தைப்பிங்கைப் போல விடாமல் கொட்டும் ஊரும் இருக்கிறது. குவின்ஸ்லாந்தின் வடக்கில் டல்லி என்று ஒரு சிற்றூர். ஆண்டு மழை சுமார் 4,000 மில்லிமீட்டர். தீபகற்ப மலேசியாவில் மழைக்குப் பெயர்போன நம் தைப்பிங்கிலும் ஏறத்தாழ அவ்வளவுதான். பெர்த் நகரமோ கோடையில் காய்ந்து, மே மாதத்திலிருந்து குளிர்காலத்தில் நனையும் ஊர். பெர்த்தின் செடிக்கு வெயிலும் ஈரமும் ஒரே நேரத்தில் வந்தால் வேர் அழுகும். நமக்கோ ஆண்டு முழுக்க அதுதான் வானிலை.

ஆகவே செடி வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது, அது ஆஸ்திரேலியாவில் எந்த மூலை என்பதை. கங்காரு பாதம் என்று சொல்லப்படும் மென்மயிர்ப் பூ, ஜெரால்ட்டன் மெழுகுப்பூ, ஸ்டர்ட் பாலைப் பட்டாணி ஆகிய மூன்றும் ஈப்போவில் நிலைக்காது. மேற்கின் பாங்க்சியாக்களும் அப்படியே. நியூ சவுத் வேல்ஸின் வாராட்டாவுக்கு நம் சமவெளி வெப்பம் ஆகாது. சிம்பாங் பூலாய் வழியே கேமரன் மலைக்குப் போகிறவர்கள் அங்கே குளிரில் செழித்து நிற்கும் செடியைப் பார்த்து மயங்கித் தொட்டியோடு இறக்கி வருகிறார்கள். கீழே வந்து இரண்டு மாதத்தில் அது வாடும்போது நம் கைராசியைக் குறை சொல்லிக்கொள்கிறோம். நம் கையில் குறையில்லை. இரவிலும் இறங்காத வெப்பம்தான் அதைத் தின்கிறது.

எந்த மண்ணில் வீடு?

நம் ஆட்களுக்குத் தோட்டம் என்றாலே முதலில் நினைவுக்கு வருவது எஸ்டேட்தான். வாசலில் இருப்பதைப் பூச்செடி என்று சொல்லிவிடுவோம். இங்கே இரண்டும் ஒன்றாகச் சேர்கின்றன. பூச்செடி நடும் மண் முன்பு என்னவாக இருந்தது என்பதை முதலில் விசாரியுங்கள்.

பழைய பால்மரக் காட்டின் மேல்மண் அப்படியே கிடந்தால், அதில் அந்தப் பழுப்புத் தூள் இன்னும் இருக்கக்கூடும். பாறைப் பாஸ்பேட் மெல்லக் கரைவது. வாழை, கறிவேப்பிலை, முருங்கைக்கு அந்த இடத்தைக் கொடுங்கள். இன்னொரு தொல்லையும் உண்டு. தோண்டும்போது பால்மர அடிக்கட்டையோ வேரோ தட்டுப்பட்டால், அதன் மேல் வெள்ளை நூல் பின்னல் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளை வேர் நோயின் பூசணம் அது. பழைய கட்டையில் ஒளிந்திருந்து புதுச் செடியின் வேருக்குத் தாவும். சின்ன வேரைக்கூட மிச்சம் வைக்காமல் எடுத்து, குழியைச் சில வாரம் வெயிலில் காயவிட்ட பிறகு நடுங்கள். கட்டையை மண்ணில் விட்டால் கறையானும் வரும்.

தாமான் கட்டும்போது குத்தகைக்காரர் மேல்மண்ணை வழித்துவிட்டுக் கொட்டிப் போகும் செம்மண்ணைப் பற்றி எல்லோரும் குறைப்படுகிறோம். மிளகாய்கூட வளராத அந்த மண் கிரெவில்லியாவுக்கு ஏற்றது. சத்து இல்லை, புளிப்பு உண்டு. தண்ணீர் இறங்கும்படி மட்டும் செய்து கொடுத்தால் போதும்.

கிந்தா பள்ளத்தாக்கில் கம்பார், கோப்பேங், பத்து காஜா வட்டாரத்தில் ஈய லம்பம் கழித்துப்போட்ட வெள்ளை மணலில் வீடு கட்டியவர்கள் நிறையப் பேர். ஈயத்தை அலசி எடுத்தபோது களியும் மட்கும் ஓடிப்போய், மணலும் சரளையும்தான் தங்கின. அதில் எதுவும் வராது என்று சிமெண்டு போட்டு மூடிவிடுகிறார்கள். எனக்கு அதைப் பார்த்தால் மனம் வேதனைப்படுகிறது. ஆஸ்திரேலியச் செடிகளில் பலவற்றின் சொந்த ஊர் மண் ஏறக்குறைய இப்படித்தான். மணல் சீக்கிரம் காயும், நண்பகலில் கொதிக்கும். அதற்கு மருந்து உரமில்லை, சருகு. செடியைச் சுற்றி நான்கு விரல் கனத்துக்கு இலைச்சருகும் மரச்சீவலும் பரப்பி, தண்டை ஒட்டி மட்டும் ஒரு சாண் இடம் விட்டுவிடுங்கள். முதல் ஆறு மாதம் மழையில்லாத நாளில் தண்ணீர் ஊற்றுங்கள்.

தம்பூன், குனோங் ராப்பாட், சிம்பாங் பூலாய் என்று சுண்ணாம்புக் குன்றுகளின் காலடியில் இருப்பவர்கள் ஒரு கரண்டி மண்ணில் கொஞ்சம் காடி ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு. அங்கே கிரெவில்லியா நரம்பு மட்டும் பச்சையாக, மற்றதெல்லாம் மஞ்சளாகிவிடும். இரும்புச் சத்து மண்ணில் இருந்தும் வேருக்குக் கிடைக்காது. தொட்டியில் வளர்ப்பதுதான் வழி. ஆற்று மணல் ஒரு பங்கு, உமிக்கரி ஒரு பங்கு, தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கு கலந்துகொள்ளலாம். கடையில் மூட்டையாக விற்கும் கலவை மண்ணில் எரு சேர்த்திருப்பார்கள், கேட்காமல் வாங்காதீர்கள்.

எந்த மண்ணானாலும் ஒரு சோதனை பொது. ஒரு முழக் குழி வெட்டித் தண்ணீர் நிரப்புங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாம் முறை மூன்று மணி நேரம் கழித்தும் தண்ணீர் நின்றால், தரையில் நடாமல் முழங்கால் உயரத்துக்கு மேட்டுப்பாத்தி கட்டுங்கள். டுரியான் மரத்தின் பட்டையை அழுகவைக்கும் பைட்டோப்தோரா பூசணத்தின் உறவுக்காரன் ஒன்று நின்ற நீரில் பரவி வேரைத் தின்னும். மேற்கு ஆஸ்திரேலியாவின் காடுகளையே அது பட்டுப்போகச் செய்திருக்கிறது.

நடும் காலம் பற்றி ஒரு வார்த்தை. தீபாவளி மழையில் நடாதீர்கள். தைப்பூசத்தை ஒட்டிப் பால்மரம் இலை கொட்டும்; வெயில் உறைக்கும். அந்த வெயில் தணிந்து, பங்குனி, சித்திரை மழை தொடங்கும்போது நட்டால் வேர் பிடிக்க நேரம் கிடைக்கும்.

பாட்டில் பிரஷ்

முதல் செடி எது என்று கேட்டால் தயங்காமல் இதைச் சொல்வேன். மலாய்க்காரர்கள் பெருஸ் போத்தோல் என்கிறார்கள். கிளை தொங்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் ஓடைக் கரைகளில் வளர்வது என்பதால் வேர் நனைந்தாலும் பொறுக்கும், கொஞ்சம் காய்ந்தாலும் பொறுக்கும். லோங்காங் ஓரம் இதற்குப் பிடித்த இடம். சுவரிலிருந்து மூன்று மீட்டராவது தள்ளி நடுங்கள். முழு வெயில் வேண்டும். மாமர நிழலில் வைத்தால் இலை மட்டும்தான்.

பூவில் சிவப்பாகத் தெரிவது இதழ் கிடையாது, மகரந்த இழை. பூ முடிந்ததும் அதே குச்சியின் நுனி மேலும் வளர்ந்து இலை விடும். பூ இருந்த இடத்தில் மிளகு போன்ற காய்கள் தண்டோடு ஒட்டி ஆண்டுக்கணக்கில் இருக்கும். கத்தரிப்பதன் சூட்சுமம் இதில்தான். பூ வாடிய வாரத்திலேயே, அந்தப் பூவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். ஒரு குச்சி நான்காகப் பிரியும், அடுத்த முறை நான்கு பூ. சோம்பி இரண்டு மாதம் கழித்து வெட்டினால் அடுத்த மொட்டையும் சேர்த்து வெட்டுகிறீர்கள். இலையே இல்லாத பழைய மரத்தில் ஆழமாக வெட்டுவதைத் தவிர்க்கலாம். துளிர்க்க வெகுகாலம் ஆகும்.

விதைக்கு, பழைய காய்கள் இருக்கும் குச்சி ஒன்றை வெட்டிக் காகிதப் பையில் போட்டு வையுங்கள். சில நாளில் காய் வெடித்து மூக்குப்பொடி போன்ற விதை உதிரும். மணல் கலந்த நார்த்தூளின் மேல் தூவுங்கள். மண் போட்டு மூடக் கூடாது. மேலிருந்து தண்ணீர் ஊற்றினால் அடித்துக்கொண்டு போகும். ஆகவே தொட்டியை நீர்த்தட்டில் அமர்த்தி, ஈரம் கீழிருந்து ஏறச் செய்யுங்கள். ஏடிஸ் கொசுவை நினைத்து அந்தத் தட்டைத் தினமும் கொட்டி மாற்றுங்கள்.

என் வீட்டு மரம் பூக்கும் காலையில் தேன்சிட்டுகள் தலைகீழாகத் தொங்கித் தேன் குடிக்கும். கெலுலுட் என்னும் கொசுத்தேனீ வளர்க்கும் பக்கத்து வீட்டு அக்கா, "ஏன்ங்க, உங்க மரம் பூத்திருச்சா? எங்க பெட்டியில சத்தம் கூடிருச்சே" என்று வேலிக்கு மேல் கேட்பார்.

பொன் பெண்டா

மஞ்சள் பூம்பந்து கட்டிக் கட்டியாகப் பூக்கும் இந்த மரம் வடக்குக் குவின்ஸ்லாந்தின் மழைக்காட்டுக்கு உரியது. கெய்ன்ஸ் நகரம் இதைத் தன் சின்னப் பூவாக வைத்திருக்கிறது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சாலையோரங்களில் நட்டிருக்கிறார்கள். நீங்கள் பெயர் தெரியாமலே இதன் அடியில் நடந்திருப்பீர்கள். சில வாரம் காய்ந்து, பிறகு மழை விழுந்தால் மரம் முழுக்கப் பூக்கும். அதனால் தைப்பூச வெயிலில் வளர்ந்த மரத்துக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள்; அந்த வாட்டம் அதற்கு வேண்டும். விதைக் கன்று பூக்க ஆண்டுகள் ஆகும், விண்பதியம் போட்ட கன்று சீக்கிரம் பூக்கும். விட்டால் பத்து மீட்டருக்கு மேல் போகும் என்பதால் கார் நிறுத்தும் இடமே வாசலாக உள்ள தொடர் வீட்டுக்கு ஏற்றதில்லை. மூலை வீட்டுக்காரர்கள் துணிந்து நடலாம்.

மறுபடியும் கிரெவில்லியா

இறந்த செடியை நினைத்துப் பின்வாங்க வேண்டாம். கலப்பினமாக உண்டாக்கிய ஹனி ஜெம், ராபின் கோர்டன் போன்றவற்றைக் கேளுங்கள். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்திலும் நீலகிரி, வால்பாறைத் தேயிலை மலையிலும் நிழலுக்கு நிற்கிறதே சில்வர் ஓக், அதுவும் கிரெவில்லியாதான். அதன் வேரில் ஒட்டுக்கட்டிய கன்று கிடைத்தால் விலை கூடினாலும் வாங்குங்கள். செம்மண் மேட்டில், முழு வெயிலில், காற்று நடமாடும் இடத்தில் நட்டு, சருகு பரப்பிவிட்டு, முதல் ஓராண்டு எந்த உரமும் போடாதீர்கள். மீன் கழுவிய தண்ணீரும் வேண்டாம். ராபின் கோர்டனின் இலை பட்டால் சிலருக்குத் தோல் தடித்து அரிக்கும். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு கத்தரியுங்கள். பிள்ளைகள் விளையாடும் பக்கம் வைக்காதீர்கள்.

குக்டவுன் ஆர்க்கிட், ஹோயா

குவின்ஸ்லாந்து 1959-இல் தன் மாநிலப் பூவாக ஏற்றது குக்டவுன் ஆர்க்கிட். நம் சந்தையில் ஊதாவும் வெள்ளையுமாகத் தொங்கும் டென்ட்ரோபியம் கலப்பினங்களில் எத்தனையோ வகைக்கு இது பாட்டி. உங்கள் வீட்டிலேயே அதன் பேத்தி இருக்கலாம். மண் வேண்டாம், ஓட்டை வைத்த மண்சட்டியில் கரித்துண்டும் உடைந்த செங்கலும் போதும். ஐப்பசி, கார்த்திகையில் இறவாணத்துக்கு அடியில் மாற்றி, மழை நேராக விழாமல் பாருங்கள். பூத்து முடிந்த தண்டை வெட்டிவிடாதீர்கள், அடுத்த ஆண்டும் அதே தண்டு பூக்கலாம். இந்தச் செடிக்கு நீர்த்த உரம் கொடுக்கலாம், பயமில்லை.

ஹோயா ஆஸ்திராலிஸ் எருக்குக் குடும்பத்துக் கொடி. கிள்ளினால் பால் வடியும். மெழுகில் வார்த்தது போன்ற வெள்ளைப் பூ, நடுவில் சிவப்புச் சாயல், அந்தியில் மணம். பூ உதிர்ந்த காம்பு மொட்டையாக நிற்கும்போது அதைக் கிள்ளியெறியத் தோன்றும். கிள்ளாதீர்கள்; மறுமுறை அந்தக் காம்பிலேயே பூக்கும். காலை வெயில் படும் வராந்தா போதும்.

ஏற்கெனவே வீட்டில் இருப்பவை

புன்னை, பூவரசு, தாமரை மூன்றும் வடக்கு ஆஸ்திரேலியாவிலும் யாரும் நடாமல் வளர்பவை. மண் தரை உள்ள வீட்டுக்காரர்களுக்கு மணமுள்ள மரம் வேண்டுமென்றால் புன்னையைவிட நல்லதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. வெட்டுக்காட்டின் ஓரத்தில் பழத்தைத் தின்று நாக்கு ஊதாவானதே, அந்தச் செண்டுடுக்கும் குவின்ஸ்லாந்தின் சொந்தச் செடி. புளிப்பு மண்ணில், உரமில்லாமல், ஆண்டு முழுக்க ஊதாப் பூ. காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை; பழைய தோட்டச் சாலையோரத்தில் காய் பறித்து விதைத்துக்கொள்ளலாம்.

கூப்பிட வேண்டாதவை

அக்கேசியாவை வீட்டில் நடாதீர்கள். காதிலை அக்கேசியாவும் மஞ்சியமும் பாழ்மண்ணில் வேகமாக வளரும், கதிர் கதிராகப் பூக்கும், பிறகு விதை சிதறி அடுத்தவர் நிலத்தையும் பிடித்துக்கொள்ளும். கிளை காற்றில் முறியும். நீலகிரிக்காரர்கள் சீகை மரம் என்று சொல்லும் ஆஸ்திரேலிய வாட்டில் அங்கே புல்வெளியை விழுங்கிய கதை தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். குடை மரம் தொட்டியில் இருக்கும்வரை அழகு. தரையில் விட்டால் வேர் குழாயைத் தேடிப் போகும். தைல மரம் கூரைக்கு மேல் கிளை போடும் மரம். ஒரு ஏக்கர் இருந்தால் யோசிக்கலாம்.

கடைசியாக, மெல்பர்னிலோ பெர்த்திலோ இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு. கைப்பையில் விதையோ கிளையோ கொண்டுவராதீர்கள். இறக்குமதி அனுமதியும் அந்த நாட்டின் தாவர நலச் சான்றும் இல்லாமல் செடி, விதை எதையும் மலேசியாவுக்குள் கொண்டுவரக் கூடாது. 2010-இல் ஆஸ்திரேலியாவுக்குள் நுழைந்த துரு நோய் ஒன்று இளந்தளிரில் மஞ்சள் மாவாகப் பூத்து, பாட்டில் பிரஷ் குடும்பத்தையே வாட்டுகிறது. நம் கொய்யா, நாவல், ஜம்பு, கிராம்பு எல்லாம் அந்தக் குடும்பம்தான். பிள்ளை வீட்டு வாசலில் பிடித்த செடி இருந்தால் இலையும் பூவும் தெரிய ஒரு படம் எடுத்து, பெயர்ப் பலகையையும் படம் பிடித்துக்கொண்டு வாருங்கள். ஈப்போவில் உங்களுக்குப் பழக்கமான நாற்றுக்கடையில் அதைக் காட்டி, முறையாக வரவழைத்துத் தர முடியுமா என்று கேளுங்கள். கன்று வந்ததும், பையைக் கிழிப்பதற்கு முன், இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.